மூர் டொர்னாடோவை அளவுகோலாக வைத்து: கடும் வானிலைத் தரவுச் சேவைகள் குறித்து மாணவர்களுக்கான மதிப்பீடு

ஒரு கடும் வானிலை நிகழ்வை எடுத்துக்கொண்டு அதை முறையாக ஆராய விரும்பும் மாணவருக்கு முதலில் எழும் கேள்வி, அந்த நாளின் மூலத் தரவு எங்கே கிடைக்கும் என்பதே. செய்திப் படங்களையும் இணையத்தில் சுற்றிவரும் ரேடார் படங்களையும் தொகுத்து ஓர் அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் அந்த அறிக்கையில் மாணவர் தாமே அளந்து கண்டது என்று எதுவும் இருக்காது. எனவே, யாருக்கும் அனுமதிக் கடிதம் எழுதாமலும் கட்டணம் செலுத்தாமலும் ஒரு கல்லூரி மாணவர் தம் மடிக்கணினியிலிருந்தே பெறக்கூடிய தரவுச் சேவைகளை, ஒரே நிகழ்வை அளவுகோலாக வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். அந்த நிகழ்வு, 2013 மே 20 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மூர் நகரைத் தாக்கிய டொர்னாடோ, அதாவது இடிமேகத்திலிருந்து தரைவரை நீளும் கடும் சுழல்காற்று.

இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உள்ளூர் நேரம் பிற்பகல் 2.56 மணிக்கு நியூகாசில் என்ற ஊருக்கு மேற்கே தரையைத் தொட்ட அந்தச் சுழல், 39 நிமிடங்கள் நீடித்து, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தூரம் நகர்ந்தது. உச்சத்தில் அதன் அகலம் 1.7 கிலோமீட்டரை எட்டியது. மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோலின் மிக உயர்ந்த நிலையான 5ஆம் நிலையில் அது வகைப்படுத்தப்பட்டது. உயிரிழந்த 24 பேரில் ஏழு குழந்தைகள் பிளாசா டவர்ஸ் தொடக்கப்பள்ளியில் இருந்தவர்கள். நிகழ்வின் தொடக்கமும் பாதையும் முடிவும் இவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருப்பதால், மாணவர் தாம் பெற்ற ஒவ்வொரு தரவையும் நடந்ததோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிகிறது. மேலும், தேசிய வானிலைச் சேவையின் அலுவலகம், கடும் வானிலையை முன்கணிக்கும் தேசிய மையம், மேல்வளிமண்டலத்தை அளக்கும் பலூன்களை ஏவும் நிலையம் ஆகிய மூன்றும் பக்கத்து ஊரான நார்மனில் இருக்கின்றன. தரவு வளம் இந்த அளவுக்கு ஓரிடத்தில் குவிந்திருப்பது அரிது.

முதலில் ரேடார். அமெரிக்கா முழுவதும் காற்றின் வேகத்தையும் அளக்கும் ஏறத்தாழ 160 டாப்ளர் ரேடார்களைக் கொண்ட நெக்ஸ்ராட் வலையமைப்பின் இரண்டாம் நிலைத் தரவு, அதாவது படமாக மாற்றப்படுவதற்கு முந்தைய அளவீடுகள், 1991 முதல் சேமிக்கப்பட்டு வருகின்றன. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா அமைப்பின் தேசிய சுற்றுச்சூழல் தகவல் மையத்தில் நிலையத்தையும் நாளையும் தேர்ந்தெடுத்து மின்னஞ்சலைக் கொடுத்தால், கோப்புகளுக்கான இணைப்பு வந்துசேரும். அந்தக் காத்திருப்பும் வேண்டாமென்றால், அதே தொகுப்பு 2015 முதல் அமேசானின் கிளவுட் சேமிப்பகத்திலும் இருக்கிறது. அங்கே கணக்குத் தொடங்கவே தேவையில்லை. ஆண்டு, மாதம், நாள், நிலையம் என்று கோப்புறைகளுக்குள் இறங்கிச் சென்று வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மூர் நிகழ்வுக்கு வேண்டிய நிலையம், ஓக்லஹோமா நகரை அடுத்துள்ள டிவின் லேக்ஸ் ரேடார்; அதன் குறியீடு கேடிஎல்எக்ஸ். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் நிலையக் குறியீடு, நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவை வரிசையாக இருக்கும். இந்த நேரம் எப்போதும் உலகப் பொது நேரமான யுடிசி என்பதை நினைவில் இருத்த வேண்டும். உள்ளூரில் பிற்பகல் 2.56 என்பது யுடிசியில் 19.56. ஆகவே 19.30க்கும் 20.45க்கும் இடைப்பட்ட கோப்புகளை எடுத்தால் டொர்னாடோவின் முழு வாழ்நாளும் அதற்குச் சற்று முந்தைய நிலையும் கைக்கு வந்துவிடும்.

இந்தக் கோப்புகளை உள்ளே திறந்து பார்க்கும்போதுதான் சேவையின் தரம் புரிகிறது. ஒரு கோப்பு என்பது, ரேடார் தன் தட்டைச் சில பாகை உயரங்களில் சுழற்றி முடித்த ஒரு முழுச் சுற்று. இதற்கு நான்கரை நிமிடம் அளவில் ஆகும். கீழ்மட்டக் கற்றையை ஒரே சுற்றுக்குள் மீண்டும் செலுத்தும் முறை 2014இல்தான் வந்தது என்பதால், மூர் டொர்னாடோ தரையில் இருந்த 39 நிமிடங்களுக்குத் தரைக்கு அருகிலான காட்சிகள் ஒன்பது அளவில்தான் கிடைக்கும். குறைவுதான் என்றாலும் அவை மிகத் தெளிவானவை. ரேடாரிலிருந்து மூர் நகரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மேற்கே இருப்பதால், அரைப் பாகை உயரத்தில் செல்லும் கற்றை அங்கே தரையிலிருந்து 200 மீட்டர் அளவிலேயே கடக்கிறது. இதே கற்றை 100 கிலோமீட்டர் தொலைவில் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். அங்கே இருக்கும் டொர்னாடோவின் அடிப்பகுதியை ரேடார் பார்க்கவே முடியாது. நிகழ்வைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் முதலில் அளக்க வேண்டியது இந்தத் தொலைவைத்தான். தாம் எடுத்த நிகழ்வு எந்த ரேடாருக்கும் அருகில் இல்லையென்றால், எவ்வளவு புகழ்பெற்ற நிகழ்வாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவது நல்லது.

மூர் நிகழ்வின் 20.20 மணியை ஒட்டிய கோப்பில் மூன்று அளவுகளை அடுத்தடுத்து வரைந்து பார்க்க வேண்டும். முதல் படமான எதிரொலிப்பில், அதாவது திரும்பிவரும் அலையின் வலிமையில், இடிமேகத்தின் தென்மேற்கு விளிம்பிலிருந்து கொக்கி போன்ற ஒரு வளைவு நீண்டு, அதன் முனையில் உருண்டையாக ஓர் அடர்ந்த பகுதி தெரியும். இரண்டாவது படமான ஆரத்திசை வேகத்தில், அதே இடத்தில் ரேடாரை நோக்கி வரும் காற்றும் ரேடாரை விட்டு விலகும் காற்றும் ஒன்றையொன்று ஒட்டியபடி இருக்கும். மூன்றாவது, இரட்டை முனைவாக்க வசதி (கிடை, செங்குத்து என இருவகை அலைகளையும் அனுப்புவது) சேர்க்கப்பட்ட பிறகு கிடைக்கத் தொடங்கிய ஒட்டுறவுக் கெழு; கற்றையில் படும் பொருள்கள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை இது காட்டும். மழைத்துளிகள் வடிவில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் மழைப் பகுதியில் இதன் மதிப்பு 1ஐ நெருங்கியிருக்கும். கொக்கியின் முனையில் மட்டும் அது சட்டென்று சரிகிறது. காரணம், அங்கே ரேடார் பார்த்துக்கொண்டிருப்பது மழையை அல்ல. வீடுகளின் மரச்சட்டங்களையும் காப்புப் பஞ்சையும் கிளைகளையும்தான். மக்கள் வாழ்ந்த தெருக்கள் காற்றில் கிடக்கும் அந்தக் காட்சியை, எண்களாகத் தம் கையால் வரைந்து பார்க்கும் மாணவர் இந்தத் துறையை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரேடார் கோப்புகளைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. நிரலெழுதத் தெரியாதவர்கள் நோவா இலவசமாக வழங்கும் வானிலை-காலநிலைக் கருவிப்பெட்டி என்ற மென்பொருளில் கோப்பைத் திறந்து, படமாகவோ வரைபட அடுக்காகவோ மாற்றிக்கொள்ளலாம். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் உருவான பை-ஆர்ட் நூலகம் மிகச் சிறந்தது. ரேடார் அளக்கக்கூடிய வேக வரம்பைத் தாண்டும் காற்று, எதிர்த்திசையில் வீசுவதுபோல் பதிவாகிவிடும் என்பது எல்லா டாப்ளர் ரேடார்களுக்கும் உள்ள இயல்பு. அதைச் சரிசெய்யும் செயற்கூறு பை-ஆர்ட்டில் இருக்கிறது. இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் சுழற்சியின் வலிமையைக் கணக்கிட்டால் விடை முற்றிலும் தவறிவிடும். இத்தனையையும் கருதி, மாணவர்களுக்கான சேவைகளில் நெக்ஸ்ராட் காப்பகத்துக்கே நான் முதலிடம் தருகிறேன்.

அடுத்தது, தரையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும் புயல் நிகழ்வுகள் தரவுத்தளம். இதையும் அதே தேசிய சுற்றுச்சூழல் தகவல் மையம்தான் நடத்துகிறது. ஆண்டுக்கு ஒரு சிஎஸ்வி கோப்பாக முழுத் தொகுப்பையும் இறக்கிக்கொள்ளலாம். விரிதாள் மென்பொருளிலேயே திறக்கும். பயன்படுத்த எளிமையானது என்பதாலேயே மாணவர்கள் இதை முதலில் நாடுகிறார்கள், ஆனால் மிகுந்த கவனத்தோடு அணுக வேண்டிய சேவையும் இதுதான். 1950 முதல் பதிவுகள் இருக்கின்றன என்றாலும், 1954 வரை டொர்னாடோக்கள் மட்டுமே பதிவாயின. 1955 முதல் ஆலங்கட்டி மழையும் இடிமழைக் காற்றும் சேர்ந்தன. வெள்ளம், பனிப்புயல் உட்பட 48 வகை நிகழ்வுகளும் முறையாகப் பதிவாகத் தொடங்கியது 1996இல்தான். இதை அறியாமல் 1950 முதல் இன்று வரை மொத்த எண்ணிக்கையை வரைபடமாக்கினால், கடும் வானிலை பன்மடங்கு பெருகிவிட்டதுபோல் ஒரு கோடு மேலே ஏறும். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி, பதிவு செய்யும் முறையின் வரலாறு. ஆலங்கட்டிக்கான தகுதி அளவு 2010 ஜனவரியில் முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலமாக உயர்த்தப்பட்டதும் இத்தகைய இன்னொரு முறிவு.

நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இத்தரவுத்தளம் ஆண்டு முழுவதும் உள்ளூர்ச் சீர் நேரத்தையே பயன்படுத்துகிறது. கோடைக்காலத்தில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதை அது கணக்கில் கொள்வதில்லை. ஆகவே ஊர் மக்களின் கடிகாரத்தில் 2.56 என்றிருந்த தொடக்க நேரம், இங்கே 13.56 என்று நிற்கும். ரேடார் கோப்பிலோ அது 19.56. மூன்று கடிகாரங்களையும் ஒரே அட்டவணையில் எழுதி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று என்னிடம் வரும் மாணவர்களுக்கு வலியுறுத்துகிறேன். அந்த அட்டவணையில் நம் நேரத்தையும் சேர்த்தால் மே 21 அதிகாலை 1.26 என்று வரும்; நாளே மாறிவிடுகிறது. மேலும், ஒரு டொர்னாடோ கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எல்லையைக் கடந்தால் அது தனித்தனி வரிகளாகப் பிரிக்கப்படும். மெக்லெயின் கவுண்டியில் தொடங்கிக் கிளீவ்லாந்து கவுண்டிக்குள் நுழைந்த மூர் டொர்னாடோவை வரிகளை மட்டும் எண்ணுபவர் ஒன்றுக்கு மேற்பட்ட டொர்னாடோக்களாகக் கணக்கிட்டுவிடுவார். காற்றின் வேகத்தைக் குறிக்கும் நெடுவரிசைக்குப் பக்கத்தில், அது கருவியால் அளக்கப்பட்டதா அல்லது சேதத்தைப் பார்த்து மதிப்பிடப்பட்டதா என்பதைக் காட்டும் இரண்டெழுத்துக் குறி ஒன்று இருக்கும். பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் அந்தக் குறிதான் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்கிறது. இந்த எச்சரிக்கைகளோடு பார்த்தால், ஒவ்வொரு பதிவுக்கும் கீழே உரைநடையில் எழுதப்பட்டிருக்கும் விவரிப்பு, இத்தரவுத்தளத்தின் சிறந்த பகுதி. எந்தத் தெருவில் எவ்வகைக் கட்டடம் எப்படிச் சரிந்தது என்பதைக் கள ஆய்வு செய்தவர்களின் குறிப்பாகவே அங்கே படிக்கலாம்.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் அயோவா சுற்றுச்சூழல் மெசோநெட், பெயருக்கு ஒரு மாநிலத்துக்கு உரியதானாலும் உலகம் முழுவதற்கும் உதவும் காப்பகம். தேசிய வானிலைச் சேவை வெளியிட்ட ஒவ்வோர் எச்சரிக்கையையும் அதன் பலகோண எல்லையோடு இங்கே பெறலாம். மூருக்கான டொர்னாடோ எச்சரிக்கை பிற்பகல் 2.40க்கு வெளியானது, சுழல் தரையைத் தொடுவதற்கு 16 நிமிடங்கள் முன்னதாக. அந்தப் பலகோணத்தை ரேடார் படத்தின் மேல் விரித்து, முன்கணிப்பாளர் அந்த நிமிடத்தில் எதைப் பார்த்து முடிவெடுத்தார் என்று ஆராய்வதே ஒரு முழு ஆய்வுத் திட்டமாகும். விமான நிலையங்களின் மெட்டார் என்னும் வழக்கமான வானிலை அறிக்கைகளும் இங்கே நாடுவாரியாகக் கிடைக்கின்றன. சென்னை மீனம்பாக்கமும் அதில் உண்டு. பதிவிறக்கப் படிவத்திலேயே நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பது, மேலே சொன்ன கடிகாரக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கிறது. பக்கத்தின் தோற்றம் பழைமையானது என்று யாராவது குறை சொன்னால் நான் அதை ஏற்க மாட்டேன். வேகமாகத் திறக்கிறது, கேட்டதைத் தருகிறது, தரவு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறது.

பலூன் அளவீடுகளுக்கு வயோமிங் பல்கலைக்கழகத்தின் பக்கமே இன்றும் மாணவர்களின் முதல் புகலிடம். நிலைய எண்ணையும் நாளையும் கொடுத்தால் அழுத்தம், உயரம், வெப்பநிலை, பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை), காற்று ஆகியவை அட்டவணையாக வந்துவிடும். நார்மனின் எண் 72357, சென்னையின் எண் 43279. காற்று வேகம் எந்த அலகில் தரப்பட்டுள்ளது என்பதையும், இடிமேகம் வளரக் கிடைக்கும் வெப்பச்சலன ஆற்றலான கேப் மதிப்பு கீழ்மட்ட 500 மீட்டர் காற்றின் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தரைமட்டக் காற்றிலிருந்து தொடங்கிக் கணக்கிட்ட மதிப்போடு இதை ஒப்பிட்டுவிட்டு இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று தவிப்பதில் பயனில்லை. பலூன்கள் வழக்கமாக யுடிசி 00 மணிக்கும் 12 மணிக்கும் உரியவையாகவே ஏவப்படுகின்றன. மூர் டொர்னாடோ பிறந்த 20 மணி இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. காலை அளவீட்டில் வெயில் இன்னும் தரையைச் சூடாக்கியிருக்காது. மாலை அளவீடோ இடிமேகம் கடந்துபோன பின்னான காற்றைக் காட்டக்கூடும். கடும் வானிலை எதிர்பார்க்கப்படும் நாட்களில் இடையில் 18 மணிக்குக் கூடுதல் பலூன் ஏவும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு என்பதால், அந்த நேரத்தையும் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்ப உதவுவது ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வு, அதாவது பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து அன்றைய வளிமண்டலத்தை மீண்டும் கட்டமைத்த தொகுப்பு. 1940 முதல் மணிக்கொரு முறை, உலகம் முழுவதும், கால் பாகைக் கட்டங்களில் கிடைக்கும் இத்தொகுப்பு, கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவகத்தில் பதிவு செய்து உரிம விதிகளை ஏற்றுக்கொண்டால் இலவசம். கோரிக்கைகள் வரிசையில் நிறுத்தப்படும் என்பதால், பெரிய பரப்பையும் நீண்ட காலத்தையும் கேட்டால் காத்திருக்க நேரும். ஓக்லஹோமாவைச் சுற்றிய சிறு பெட்டி, ஒரே நாள், தேவையான அழுத்த மட்டங்கள் என்று சுருக்கிக் கேட்பவருக்கு விரைவில் கிடைத்துவிடும். ஆனால் ஒரு கட்டம் 30 கிலோமீட்டர் அகலம் கொண்டது, 1.7 கிலோமீட்டர் அகலமுள்ள சுழலை அதில் தேடக் கூடாது. டொர்னாடோ உருவாவதற்கு ஏற்ற சூழல் இருந்ததா, ஈரப்பதம் எவ்வளவு, உயரத்தோடு காற்று எப்படித் திரும்பியது என்பவற்றுக்கே இது விடை தரும். பலூன் அளவீடுகளும் இந்தத் தொகுப்புக்குள் உட்செலுத்தப்படுகின்றன. எனவே ஈஆர்ஏ5 மதிப்பும் பலூன் மதிப்பும் ஒத்துப்போவதைத் தனிச் சான்றாகக் காட்டுவது முறையாகாது. கணக்கீடுகளுக்கு யூனிடேட்டா வழங்கும் மெட்பை நூலகம் போதுமானது. அலகுகளை எண்ணோடு சேர்த்தே கையாள்வதால் நாட் அலகையும் நொடிக்கு மீட்டர் அலகையும் கலந்துவிடும் பிழை அதில் எளிதில் நேராது.

செயற்கைக்கோள் படங்களைப் பொறுத்தவரை, 2013இன் நிகழ்வுகளைவிட 2017க்குப் பிந்தைய நிகழ்வுகளே மாணவர்களுக்கு ஏற்றவை. 2016 நவம்பரில் ஏவப்பட்ட கோஸ்-16 அமெரிக்க நிலப்பரப்பை ஐந்து நிமிடங்களுக்கு ஒரு முறையும், குறிப்பிட்ட சிறு பகுதிகளை நிமிடத்துக்கு ஒரு முறையும் படம் பிடித்தது.

இந்தச் சேவைகள் என்றும் இப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தேசிய சுற்றுச்சூழல் தகவல் மையம் அமைந்துள்ள ஆஷ்வில் நகரை 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் வெள்ளம் சூழ்ந்தபோது, அதன் இணையச் சேவைகள் நின்றுபோயின. நூறு கோடி டாலருக்கு மேல் சேதம் விளைவித்த பேரிடர்களின் பட்டியலைப் புதுப்பிப்பதை நோவா 2025 மே மாதத்தில் நிறுத்தியது. எனவே பயன்படுத்திய மூலக் கோப்புகளின் பிரதியைத் தம்மிடமே வைத்துக்கொள்வதும், பதிவிறக்கிய நாளை அறிக்கையில் குறிப்பதும் மாணவரின் கடமை.

சென்னையின் 2015 டிசம்பர் 1 பெருமழையை இதே முறையில் ஆராய முடியுமா என்று நம் மாணவர்கள் கேட்பது இயல்பு. பெருமளவு முடியும், ரேடார் நீங்கலாக. பழைய ரேடார் மூலக் கோப்புகளை எவரும் உடனே இறக்கிக்கொள்ளும்படி நெக்ஸ்ராட் போன்ற திறந்த காப்பகம் இங்கே இல்லை. அதற்குப் பதிலாக மழை அளவிலிருந்து தொடங்கலாம். புனேயிலுள்ள இந்திய வானிலைத் துறைப் பிரிவு 1901 முதலான தினசரி மழையைக் கால் பாகைக் கட்டங்களில் இலவசமாகவே வழங்குகிறது. பைத்தானில் ஐஎம்டிலிப் நூலகம் அதைப் படித்துவிடும். அந்த நிகழ்வில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29 என்று பதிவானது, டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்துக்கு உரியது. ஆகவே தொகுப்பில் தேட வேண்டிய நாள் டிசம்பர் 2. தாம்பரத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையிலேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, ஒரு கட்டத்தின் சராசரி அந்த உச்சத்தைக் காட்டாது என்பதையும் மாணவர் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். மழை எந்த மணியில் வலுத்தது என்பதற்கு, அரை மணிக்கொரு முறை பத்தில் ஒரு பாகைக் கட்டங்களில் கிடைக்கும் செயற்கைக்கோள் அளவீடுகளிலிருந்து மழையைக் கணிக்கும் நாசாவின் ஐமெர்க் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். இலவசப் பதிவு மட்டும் தேவை. அதன் நேரமும் யுடிசிதான் என்பதால், இந்திய மழை நாளோடு பொருத்துவதற்கு டிசம்பர் 1 அன்று 03.00 முதல் டிசம்பர் 2 அன்று 03.00 வரையிலான 48 கோப்புகளைக் கூட்ட வேண்டும். ஈஆர்ஏ5 தொகுப்பிலிருந்து அதே 24 மணி நேரத்தின் கீழ்மட்டக் காற்றையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக்கொண்டால், முதுநிலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்துக்குள் முடிக்கக்கூடிய ஆய்வு அது.